அரக்குக் கொட்டையும் நகரித் தண்ணீரும்

புதிதாக ஒரு காபிக்கொட்டை வீட்டுக்கு வந்தால், அரைப்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பாதி சேதி அதிலேயே கிடைத்துவிடும். கறுக்க வறுத்த கொட்டை பல் பட்ட மாத்திரத்தில் நொறுங்கும், நாக்கில் கரிந்த கசப்பு ஏறும். மிதமாக வறுத்தது அத்தனை சுலபத்தில் உடையாது. அழுத்திக் கடித்தால் இரண்டாகப் பிளக்கும். மெல்ல மெல்லக் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கடைசியில்தான் கசப்பு. என் கைக்கு வந்த, ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் விளைந்த கொட்டை இந்த இரண்டாவது வகை.

உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். நீள்வட்டமான கொட்டை. தட்டைப் பக்கத்தில் நடுவே ஓடும் கோடு நேராக இல்லாமல் நெளிந்து போகிறது. அது அராபிகா என்ற காபி இனத்தின் அடையாளம். இன்னொரு இனமான ரோபஸ்டா இதைவிட உருண்டையாக இருக்கும், கோடும் ஏறக்குறைய நேராக ஓடும். அந்தக் கோட்டுக்குள் வெளிறிய மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையில் இந்தத் தோல் வறுத்த பிறகும் வெளிறியே நிற்கும். பழத்தோடு முழுசாகக் காயவைத்ததில் பழுப்பேறிவிடும். மேலே எண்ணெய்ப் பளபளப்பு துளியும் இல்லை. நிறம் புளியங்கொட்டை நிறம். எங்கள் கடைத்தெருவில் விற்கிற கொட்டைக்குப் பக்கத்தில் இதை வைத்தால் இரண்டும் ஒரே செடியின் விதை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொண்டு வந்தவன் அக்கா மகன். விசாகப்பட்டினத்தில் வேலை. அங்கே ஒரு சின்ன வறுவல் கடையில் வாங்கியிருக்கிறான். "மாமா, இது பொடி இல்ல, கொட்டை. குடிக்கிறப்போ அப்பப்போ அரைச்சுக்கணும். சிக்கரி கிடையாது. மொதல்ல பால் ஊத்தாம குடிச்சுப் பாருங்க" என்றான். பையில் வறுத்த தேதி அச்சாகியிருந்தது. பொடியில் பேக் செய்த தேதியைத்தான் பார்த்திருக்கிறேன். வறுத்த தேதியைப் போடுகிறவர் தன் சரக்கை அக்கறையாகப் பார்க்கிறவர் என்பது என் எண்ணம்.

நாங்கள் இருப்பது நகரி. திருத்தணியிலிருந்து திருப்பதி போகிற சாலையில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் வருகிற நெசவூர். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும் கலந்து. அரக்கு எங்கள் மாநிலத்து ஊர்தான், ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஆந்திரா முழுக்கக் கிடக்கிறது. ராத்திரி ரயில் பிடித்து விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து இன்னும் சுமார் 115 கிலோமீட்டர் போக வேண்டும். சென்னையோ கூப்பிடு தூரம். அதனால் எங்கள் ஊரின் காபிப் பழக்கம் முழுக்க மெட்ராஸ் பழக்கம். பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஒரு ஃபில்டர், கெட்டி டிகாக்‌ஷன், காய்ச்சிய பால், டபரா செட். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வருவது, இந்தப் பழக்கத்துக்கு வெளியே வளர்ந்த ஒரு கொட்டையை எப்படிக் குடித்துப் பார்ப்பது என்பதை.

அரக்குக் காபியின் கதை நம் பக்கத்துக் காபிக் கதையிலிருந்து ரொம்பவே வேறு. சிக்மகளூர், குடகு, ஏற்காடு என்று சொன்னால் பெரிய எஸ்டேட்டும் பங்களாவும் நினைவுக்கு வரும். அரக்கு, பாடேரு பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஏறக்குறைய 900 முதல் 1,100 மீட்டர் உயரத்தில், பழங்குடிக் குடும்பங்கள் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் காபி வளர்க்கிறார்கள். நிழலுக்குச் சில்வர் ஓக், அந்த மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச்செடி. காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிர் வைக்கும் போடு விவசாயத்துக்கு மாற்றாக அரசு அங்கே காபியைக் கொண்டுபோனது. மலைவாழ் மக்களின் விளைபொருளை வாங்கி விற்பதற்கென்றே 1956-ல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் காபியையும் கொள்முதல் செய்கிறது. 2019-ல் அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா நான்குக்கும் அப்போதே கிடைத்தது.

இத்தனை மலைப்பெயர் இருந்தும் நம் வீடுகளில் ஒன்றும் புழக்கத்தில் இல்லையே, ஏன்? என் அப்பா கடையில் நின்று "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி இருபது" என்பார். எந்த மலை என்று அவர் கேட்டதில்லை, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. 1940-களில் வந்த காபிச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டக்காரர் தன் கொட்டையைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். எல்லார் சரக்கும் தரவாரியாகப் பொதுக் குவியலில் சேர்ந்து ஏலத்துக்குப் போகும். 1990-களின் நடுவில்தான் அந்த ஏற்பாடு முழுசாக விலகி, விளைவித்தவர் நேரடியாக விற்கும் நிலை வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு நம் நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் கொட்டையின் அளவும் உருவமும் பதப்படுத்திய விதமும்தான். எந்த மண்ணில் விளைந்தது என்பது குவியலிலேயே காணாமல் போனது. அரக்கு என்ற பெயரோடு ஒரு பை என் சமையலறைக்கு வருவதை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான். அந்தக் குவியலிலிருந்து ஒரு மலை தனியாக எழுந்து வந்து தன் பெயரைச் சொல்கிறது. அதைப் பாலிலும் சிக்கரியிலும் உடனே முக்கிவிடக் கூடாது என்று தோன்றியது.

சரி, அரைக்க வேண்டுமே. முதலில் எங்கள் பொடிக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு கொட்டையை மோந்து பார்த்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணா, என் மிஷின்ல நாள் முழுக்கச் சிக்கரிதான் ஓடுது. இதப் போட்டா அந்த வாசனையும் சேந்துதான் வரும். நல்ல சரக்க ஏன் கெடுத்துக்கறீங்க, வீட்லயே அரச்சுக்குங்க." அரைத்துக் கொடுத்தால் கூலி வரும் என்று பார்க்காமல் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

மிக்ஸியில் அரைக்கலாம். சின்ன ஜாரில் விட்டு விட்டுத் தட்ட வேண்டும், ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி மணம் போய்விடும். ஆனால் மிக்ஸியின் பிளேடு அரைப்பதில்லை, வெட்டுகிறது. அதனால் மாவும் ரவையும் குருணையும் ஒன்றாக வரும். மாவில் தண்ணீர் பட்டதும் கசப்புவரை எல்லாம் இறங்கிவிடும், குருணையில் புளிப்பு மட்டும் இறங்கி மற்றது உள்ளேயே நிற்கும். ஒரே டம்ளரில் கசப்பும் புளிப்பும் தனித்தனியாக நின்று சண்டை போடும். பழகிய காபி என்றால் எது கொட்டையின் குணம், எது அரைத்த கோளாறு என்று சொல்லிவிடலாம். புதிய கொட்டையில் அதைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே புதிய கொட்டைக்கு அரைவை ஒரே சீராக இருப்பது மிகவும் முக்கியம்.

பள்ளிப்பட்டில் அத்தை வீட்டுப் பரணில் பழைய கைமிஷின் ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு, பலகையில் முடுக்கி உட்கார வைப்பது, மேலே புனல், பக்கத்தில் கைப்பிடி. ஒரு காலத்தில் பல வீடுகளில் காலைச் சத்தமே அதுதான். கழற்றிப் பார்த்தால் உள்ளே பல் வைத்த கூம்பு ஒன்று, அதைச் சுற்றிப் பல் வைத்த வளையம் ஒன்று. திருகை முடுக்கினால் இரண்டுக்கும் இடையே உள்ள சந்து குறுகும், தளர்த்தினால் விரியும். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிற அரைவை மிஷின்களின் வேலையும் அடிப்படையில் இதுதான். பழைய பொடியைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, ஒரு பிடி அரிசி போட்டுச் சுற்றித் துடைத்தேன். மிதமாக வறுத்த கொட்டை கடினமாக இருப்பதால் கைக்கு வேலை அதிகம். கைப்பிடி ஒவ்வொரு சுற்றிலும் நின்று நின்று போகும். அப்போது எழும் மணத்தை நான் வேறு எந்தக் காபியிலும் கண்டதில்லை. பொடிக்கடை வாசலில் வரும் மணம் வறுவலின் மணம். இது பழத்தின் மணம்.

புதுக் கொட்டையை முதலில் ஃபில்டரில் போடாதீர்கள் என்பேன். ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட காபிக்காக உருவான பாத்திரம். கெட்டியாக இறக்கிப் பாலில் கலக்கிற காபி அது. புதிதாக வந்தது அதற்கு ஒத்துவருமா வராதா என்பது பிறகு. காபி வாங்கி விற்பவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற ஒரு எளிய முறை இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், டம்ளரும் ஸ்பூனும் போதும். 150 மில்லி தண்ணீருக்கு எட்டேகால் கிராம் பொடி என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் 180 மில்லிக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பொடி மெல்லிய ரவை பதத்தில் இருக்கட்டும். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிஷம் விட்டால் 93 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைப் பொடியின் மேல் ஒரே மூச்சில் ஊற்றி, கலக்காமல் நான்கு நிமிஷம் விட்டுவிட வேண்டும்.

ஊற்றியதும் பொடி எழும்பி மேலே ஆடையாகக் கட்டும், நுரை பொங்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. பொங்கினால் சரக்கு புதுசு. பொங்காமல் பொடி சட்டென்று மூழ்கிவிட்டால் வறுத்து நாளாகிவிட்டது. நான்கு நிமிஷம் கழித்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஸ்பூனின் முதுகால் அந்த ஆடையை உடைக்க வேண்டும். அந்த நொடியில் வருகிற ஆவியை மூக்கு முழுக்க வாங்கிக்கொள்ளுங்கள். இதைவிட அதிகமாகக் காபி தன்னைக் காட்டும் தருணம் வேறில்லை. பிறகு நுரையை வழித்துவிட்டு, நாக்கு பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். சத்தம் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் காபி வாய் முழுக்கத் தெறித்து, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

இப்படி நான் போட்ட முதல் டம்ளரில் ஆவி எழுந்தபோது ஆரஞ்சுத் தோல் மணம் வந்தது. வாயில் வைத்தபோது அது இல்லை. ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வறட்சி, அதன் மேல் லேசான கசப்பு. மூக்குக்குத் தெரிந்தது நாக்குக்கு ஏன் வரவில்லை? கொட்டை நல்லது, அரைவை சீரானது, சூடும் அளவும் சரி. மிச்சம் இருந்தது தண்ணீர்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். எங்கள் பக்கத்து ஆறு, வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும், ஆழத்திலிருந்து எடுப்பதுதான் எல்லாவற்றுக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டும். கேஸ் அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தின் ஓரத்தில் கோடு விழும். நான் அடுப்படியில் நின்று இந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "பருப்பு வேகாத தண்ணியில காபி மட்டும் எப்படிடா நல்லா வரும்?" என்றார்.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். போர்வெல் வருவதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் சமையலுக்கு ஒரு கிணறு, துவைக்க ஒரு கிணறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். துவரம்பருப்பு சீக்கிரம் மலர்ந்து வேகிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர், காபிக்கும் அதுதான். பருப்பு வேகாததற்கும் காபி மழுங்கியதற்கும் ஏறக்குறைய ஒரே உப்புகள் காரணம். கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுகின்றன. காபியில் இந்த இரண்டும் ஓரளவுக்கு நல்லது செய்கின்றன, பொடியிலிருந்து ருசியை இழுத்து வெளியே கொண்டுவர உதவுகின்றன. கெடுப்பது அவற்றோடு கூட வருகிற பைகார்பனேட். அது காபியின் அமிலத்தைப் பிடித்துச் சமன்படுத்திவிடும். மிதமாக வறுத்த மலைக்காபியின் உயிரே அந்த அமிலத்தில்தான் இருக்கிறது. கறுக்க வறுத்துச் சிக்கரி சேர்த்த நம் பொடியில் அமிலம் முன்னாலேயே குறைந்துவிடும், அதனால் போர் தண்ணீர் அதை அதிகம் பாதிப்பதில்லை. காலங்காலமாக இந்தத் தண்ணீரில் குடித்துக்கொண்டும் குறை தெரியாமல் இருந்தது இதனால்தான்.

அடுத்து ஆர்.ஓ. கேன் தண்ணீரில் போட்டேன். இப்போது எதிர்ப்பக்கம். புளிப்பு முன்னால் வந்து நின்றது, கூர்மையாக, தனியாக. கனம் இல்லை. வாயில் வைத்ததும் காணாமல் போனது. ஆர்.ஓ. மிஷின் போட வந்தவர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற ஒரு டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் போயிருந்தார், பேனா மாதிரி இருக்கும். அதைத் தோய்த்துப் பார்த்தால் போர் தண்ணீர் 600-ஐத் தாண்டியது, கேன் தண்ணீர் 40-ஐ ஒட்டி நின்றது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. காபிக்காரர்கள் கேட்பது அதைவிடக் குறுகலான எல்லை. 150 இருந்தால் நலம், 75-லிருந்து 250 வரை பரவாயில்லை என்பார்கள்.

கணக்கு கையிலேயே இருந்தது. நான்கு பங்கு கேன் தண்ணீர், ஒரு பங்கு போர் தண்ணீர். மீட்டர் 150-க்குப் பக்கத்தில் வந்தது. இதை எல்லா ஊருக்கும் பொதுவான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், என்ன உப்பு என்று சொல்லாது. தண்ணீர் கரிக்கிற ஊரில், அதாவது சாதாரண உப்பு அதிகம் உள்ள இடத்தில், கலந்தாலும் பயனில்லை. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிற, ஆனால் நாக்கில் கரிக்காத தண்ணீர் என்றால் இந்த முறை உதவும். நல்ல கிணறோ மலையடிவார ஊற்றோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம், பருப்பை வேகவைத்துப் பார்த்தால் போதும்.

அந்தக் கலவைத் தண்ணீரில் போட்ட டம்ளரில்தான் அரக்கு எங்கள் வீட்டுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது. சூடாக இருக்கும்போது வறுத்த வேர்க்கடலையின் தோல் மணம். கொஞ்சம் ஆறியதும் ஆவியில் மட்டும் இருந்த அந்த ஆரஞ்சு இப்போது நாக்கின் இரண்டு ஓரத்திலும் வந்தது. அது எலுமிச்சைப் புளிப்பு இல்லை, கமலாப்பழச் சுளையின் மெல்லிய புளிப்பு. வெதுவெதுப்பாக ஆனபோது அடியில் வெல்லப்பாகின் இனிப்பு. சர்க்கரை ஒரு துளியும் போடவில்லை. ஆறிய பிறகும் குடிக்கலாம் போலிருந்தது. இதை நான் எந்தக் காபியைப் பற்றியும் இதுவரை சொன்னதில்லை. ஆறிய காபியைக் கொட்டிவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நல்ல கொட்டையை ஆற ஆறத்தான் தெரிந்துகொள்ள முடியும், கொதிக்கிற சூட்டில் நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் சரியாகப் பிடிபடாது. ஒரே டம்ளரைக் கால்மணி நேரம் வைத்துக்கொண்டு நடு நடுவே உறிஞ்சுங்கள்.

காபிப் பைகளில் புளூபெர்ரி, பீச், மல்லிகைத் தேநீர் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நான் புளூபெர்ரி தின்றதில்லை. தின்னாத பழத்தைக் காபியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நாவல், களா, நெல்லி, கொடுக்காப்புளி, சீத்தாப்பழம், கருப்பட்டி, வறுத்த எள் என்று நம் வாய் அறிந்தவை எத்தனையோ உண்டு. அவற்றை வைத்து நோட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த கொட்டை வரும்போது ஒப்பிட வசதியாக இருக்கும்.

சரியில்லை என்றால் எதை மாற்றுவது? பொடியில் தண்ணீர் பட்டதும் முதலில் இறங்குவது அமிலம், அடுத்து இனிப்பு, கடைசியில் கசப்பு. வெறும் புளிப்பாக, நீர்த்துப்போய் இருந்தால் இன்னும் கொஞ்சம் மையாக அரைக்க வேண்டும். கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் பருமனாக. தண்ணீர், பொடி அளவு, சூடு மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு திருகை மட்டும் அசைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இவ்வளவும் ஆன பிறகு ஃபில்டருக்கு வந்தேன். ஃபில்டரில் குடிக்க முடியாவிட்டால் அந்தக் காபி எங்கள் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருக்கும், குடும்பத்தில் சேராது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். சிக்கரி இல்லாத பொடியில் தண்ணீர் மளமளவென்று ஓடிவிடும். கீழ்ப் பாத்திரத்தில் வருவது நீர்த்த டிகாக்‌ஷன். இதற்குப் பரிகாரம், டம்ளர் முறைக்கு அரைத்ததைவிட நன்றாக மையாக அரைப்பது, ஃபில்டரில் போட்டுக் குடைத்தட்டால் வழக்கத்தைவிட அழுத்திவிடுவது, தண்ணீரை இரண்டு தடவையாக ஊற்றுவது. முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றி, அது பொங்கி அடங்கியதும் மிச்சத்தை மெதுவாக. 30 கிராம் பொடிக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றினால் 90 மில்லி அளவுக்கு டிகாக்‌ஷன் கிடைக்கும். மற்றது பொடியிலேயே நின்றுவிடும்.

நிறத்தைப் பார்த்ததும் அம்மா முகம் சுருங்கியது. "என்னடா, டீ மாதிரி இருக்கு?" வழக்கமான டிகாக்‌ஷனின் கறுப்பில் ஒரு பங்கு சிக்கரியுடையது, இன்னொரு பங்கு கறுக்க வறுத்ததுடையது. பாலை வழக்கமான அளவில் ஊற்றினால் இந்தக் காபி அமுங்கிப் போகிறது. டிகாக்‌ஷனும் பாலும் சரிபாதி, சர்க்கரை வழக்கத்தில் பாதி என்று வைத்தபோது நன்றாக வந்தது. ஆரஞ்சு மறைந்துவிட்டது உண்மைதான், ஆனால் வெல்லமும் வேர்க்கடலையும் பாலில் பெரிதாகத் தெரிந்தன. பால் அன்றைக்குக் கறந்ததாக இருக்கட்டும். புளிப்புள்ள டிகாக்‌ஷனில் பழைய பால் திரிந்துவிடும்.

சிக்கரி கொஞ்சம் சேர்த்தும் பார்த்தேன். நிறமும் கெட்டியும் வந்துவிட்டன, அரக்கு போய்விட்டது. சிக்கரிக்கு என்று ஒரு கனத்த இனிப்பும் கசப்பும் உண்டு, அது பக்கத்தில் மெல்லிய எதையும் நிற்க விடாது. சிக்கரிமேல் எனக்கு வெறுப்பில்லை. கலப்புப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல கடைகளில் அது 80 வரை இருக்கும், அதை நான் இன்னும் காலையில் ஆசையாகக் குடிக்கிறேன். ஆனால் மலைப்பெயரோடு வருகிற, மிதமாக வறுத்த கொட்டையில் சிக்கரி கலப்பது அந்தக் கொட்டைக்குச் செய்கிற அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரு பழத்தையும் காயாகப் பறிக்காமல், சிவந்ததை மட்டும் பொறுக்கிப் பறித்து, அன்றன்றைக்கே தோல் நீக்கி, புளிக்க வைத்துக் கழுவிக் காயவைத்த அந்தக் கைகளின் வேலை முழுக்க அந்த மெல்லிய ருசியில்தான் இருக்கிறது.

அம்மாவின் தீர்ப்பு வேறு மாதிரி. "சாயங்காலம் இது சரி. காலையில எனக்கு என் காபிதான்." எழுபது வயதைத் தாண்டியவர், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே காபி குடித்தவர், சாயங்கால வேளையை விட்டுக்கொடுத்ததே பெரிய விஷயம். இப்போது நாலு மணிக்குத் தறி நிறுத்துகிற நேரத்தில் அவரே கூப்பிட்டு, "அந்த ஆரஞ்சுக் காபி போடேன்" என்கிறார்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். காபியின் மணம் கெடுவதற்குச் சூடு, காற்று, வெளிச்சம், ஈரம் நான்கும் காரணம், இங்கே முதலாவது எப்போதும் கூட இருக்கிறது. கொட்டையாக வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். பொடியாக்கினால் காற்றுப் படுகிற பரப்பு பல மடங்காகிவிடுகிறது, கொட்டையில் வாரக்கணக்கில் நிற்கிற மணம் பொடியில் சில நாளில் போய்விடும். இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பழகாதீர்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் கொட்டையில் ஈரம் பூக்கும், சாம்பார் வாசனையும் சேர்ந்துகொள்ளும். நிறைய வந்துவிட்டால் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் போட்டு, ஒன்றை எடுத்தால் திரும்ப உள்ளே வைக்காமல் தீர்த்துவிடலாம். அதைவிட நல்லது, கொஞ்சமாக வாங்குவது. இன்னொன்று, வறுத்த அன்றைக்கே போட்டால் வாயு அதிகமாக இருந்து தண்ணீர் பொடிக்குள் சரியாக இறங்காது. ஒரு வாரம் கழித்துத்தான் இந்தக் கொட்டை அமைதியாகி நன்றாக வந்தது.

பை தீரும் முன்னால் ஒரு பிளாஸ்கில் ஊற்றிப் பொடிக்கடைக்காரருக்குக் கொண்டு போனேன். அரைக்க மறுத்தவருக்கு அதைக் குடிக்கும் உரிமை இருக்கிறது. பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், நின்றபடியே குடித்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம், "வறுக்காத பச்சைக் கொட்டை கிடைக்குமா அண்ணா?" என்றார். வறுபடும் கொட்டையின் முதல் வெடிப்புச் சத்தம் கேட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டால் இந்த நிறம் வரும், தினமும் அதைத் தாண்டித்தானே ஓட்டுகிறேன், பாதியில் நிறுத்துவது ஒன்றும் கஷ்டமில்லை என்பது அவர் கணக்கு. டிரம்மில் ஐந்து கிலோவுக்குக் குறைத்துப் போட்டால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது என்றும் சொன்னார்.

அக்கா மகனிடம் பேசிவிட்டேன். அரக்குப் பக்கம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை அறுவடை. காய்ந்து, உமி நீக்கி, தரம் பிரித்துக் கைக்கு வர இன்னும் கொஞ்ச காலம். உகாதிக்கு வரும்போது ஐந்து கிலோ பச்சைக் கொட்டை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், அதோடு பழத்தோடு காயவைத்த கொட்டையில் கால் கிலோவும். கழுவியதையும் கழுவாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மிஷினைத் துடைத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். தெருவில் மூன்று வீட்டில் இப்போதே ஆளுக்கு அரைக் கிலோ சொல்லி வைத்துவிட்டார்கள்.